கல்லா அக்கா கதவைத் தட்டிய நாள்

கல்லா அக்காவுக்குக் கதவைத் தட்டும் பழக்கமே கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிடுவாள். "இருக்கீங்களா, நான்தான் வரேன்" என்று அவள் போடுகிற சத்தத்தில் எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிவீடு எல்லாம் எட்டிப் பார்க்கும். அழைப்பு மணி வைத்த வீடாக இருந்தாலும் மணியைத் தொடமாட்டாள். "ஏன்க்கா ஊரைக் கூட்டறீங்க, தட்டினா திறக்கமாட்டோமா?" என்று கேட்டால், "தட்டினா திறப்பீங்கன்னு என்ன நிச்சயம்?" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஐம்பத்திரண்டு வயது வரை அந்தச் சிரிப்பிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள்.

கல்லா அக்கா என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். அப்பா ஆரம்பித்த பேக்கரியில் பதினைந்து வயதில் கல்லாவில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவேயில்லை. அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது தம்பி. அக்காவைவிட ஆறு வயது சின்னவன். அவனுக்கு ஊர் வைத்த பெயர் மூக்கன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த மூக்குக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருப்பான், திடீரென்று திரும்பி ட்ரேயை இழுப்பான், பன்கள் சரியான செம்பழுப்பில் வெளியே வரும். பின்கட்டில் கடிகாரமே கிடையாது. மாவு மூட்டையை முகர்ந்து, "இது சோப்புப் பெட்டி பக்கத்துல இருந்த மூட்டை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். அக்கா தினமும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். அவள் கடை வாசலில் கால் வைப்பதற்குள் உள்ளே இருந்து, "தைலம் வந்தாச்சு" என்பான். ஒரு நாளில் அவன் பேசுகிற பேச்சில் பாதி அதுதான்.

மீதிப் பேச்சையெல்லாம் அவனுக்காக அக்காவே பேசிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்வி முதல் முடிவெட்டுகிறவர் கேட்கும் கேள்வி வரை, பதில் அக்காவிடமிருந்துதான் வரும். ஒரு தடவை பெண் வீட்டார் பேக்கரிக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எப்போது தூங்குவார், கோபம் வருமா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அக்கா மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் பெண்ணின் அப்பா, "எல்லாம் சரிம்மா, கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்கதான் பேசுவீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அப்படியே இருந்திருப்பார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல்லாவில் இருந்த போன் அடிக்காமல் இருந்திருந்தால்.

தெரியாத பெண்குரல். "உங்க அம்மா நேத்து இறந்துட்டாங்க. கடைசியா உங்க ரெண்டு பேர் பேரையும்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றது. கல்லா அக்கா, "தப்பான நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். எதிரே நின்றவருக்கு ஆறு பன்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காகிதம் இரண்டு தடவை கிழிந்தது.

நம்பர் தப்பு இல்லை. அம்மா முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வீட்டை விட்டுப் போனவள். எங்கே போனாள், ஏன் போனாள் என்பதை அப்பா கடைசிவரை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பதினாலு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "தம்பி கேட்டா, ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்கன்னு சொல்லு." அவளும் சொன்னாள். எட்டு வயதுத் தம்பி அவள் முகத்தையே பார்த்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை, அழவில்லை. அப்பாடா, நம்பிவிட்டான் என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்து அவனிடம் யார் என்ன கேட்டாலும் அவளே முந்திக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினாள். பேச்சு எங்கேயாவது போய் எதிலாவது இடித்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

போனை வைத்துப் பத்து நிமிஷம் இருக்காது, பின்கட்டிலிருந்து கரும்புகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் ரொட்டி முழுக்கக் கரி. அதன் முன்னாலேயே தம்பி நின்றுகொண்டிருந்தான், கையில் ட்ரே பிடிக்கிற துணியோடு.

"என்னடா இது, வாசனை தெரியலையா?"

இல்லை என்று தலையாட்டினான். அன்றோடு அவன் மூக்கு போய்விட்டது.

மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார், மண்டையைப் படம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கமாக இருக்கிறது என்றார். "ஒரு எடம் சொல்றேன், போய்ப் பாருங்க. மருந்து கிடையாது. பேச வெச்சே குணப்படுத்தறவங்க."

"மூக்குக்கும் பேச்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியலம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்."

போவதா என்று இரண்டு வாரம் அவள் இழுத்தடித்தாள். அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். பேச வைத்தால் எது எதுவோ வெளியே வரும். அம்மா அப்போது சாகவில்லை என்று தெரியும், அக்கா இத்தனை வருஷம் பொய் சொன்னாள் என்று தெரியும், போன மாதம் போன் வந்ததைக்கூட மறைத்தாள் என்று தெரியும். அப்புறம் அவனும் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவான். அம்மாவுக்குப் பிள்ளைதானே. இந்த உலகத்தில் அவளுக்கு இருந்ததே அவன் ஒருவன்தான்.

ஆனால் மூக்கில்லாமல் அவன் படுகிற பாட்டைப் பார்க்கவும் முடியவில்லை. பின்கட்டில் ஒரு அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு நாள் ரொட்டி வேகாமல் வந்தது, மறுநாள் கருகி வந்தது. எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்று சாப்பாட்டையும் குறைத்தான். ஒரு சாயங்காலம் மாவு ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, கல்லா மேல் வைத்தான். "வேற ஆளைப் பாத்துக்கோக்கா" என்றான். மறுநாளே கிளம்பிவிட்டார்கள்.

அந்த இடம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு தாழ்வாரம், அதில் ஒரு பெஞ்சு, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி, அந்தப் பக்கம் ஒரு கதவு. ஊருக்கு என்ன சொல்வது? மனசு டாக்டர் என்றால் பைத்தியம் என்று கட்டிவிடுவார்கள். "தம்பிக்குக் கண்ணாடி மாத்தறோம்" என்றாள் அக்கா. வாராவாரம் அதே படியில் ஏறினால் சும்மா இருப்பார்களா? ஒரு வாடிக்கைக்காரர், "எத்தனை கண்ணாடிக்கா, அவருக்கு இருக்கறது ரெண்டு கண்ணுதானே?" என்று கேட்டேவிட்டார்.

டாக்டரம்மா என்று அக்கா கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பருத்திச் சேலை, குட்டையாக வெட்டின முடி. வேறு ஊரில் போய்ப் பல வருஷம் இதைப் படித்தவள் என்று கேள்வி. அறையில் எதிரெதிராக இல்லாமல் சற்றுக் கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலி, ஒரு சோபா, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பும் இல்லை, மருந்து எழுதித்தர ஒரு சீட்டும் இல்லை. இங்கே என்ன வைத்தியம் நடக்கப்போகிறது என்று அக்காவுக்கு முதல் பார்வையிலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு மாசமா" என்றாள் அக்கா.

"தூக்கம் எப்படி வருது உங்களுக்கு?"

"நல்லாத் தூங்கறான். கனவுதான் நெறைய" என்றாள் அக்கா.

"என்ன மாதிரி கனவு?"

அதற்கும் அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். டாக்டரம்மா லேசாகச் சிரித்தாள். "அடுத்த வாரத்திலேர்ந்து அவர் மட்டும் உள்ள வரட்டும்க்கா."

"அவன் பேசமாட்டாங்க."

"பேசாம இருக்கட்டும், பரவாயில்ல."

"பேசாம இருக்கறதுக்கு வீடே இருக்கே, ரெண்டு மாடி ஏறி வரணுமா?"

அக்கா கையோடு ஒரு பை நிறைய பன் கொண்டுபோயிருந்தாள். அதையும், "இங்க எதுவும் வாங்கிக்கறதில்லக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று டாக்டரம்மா திருப்பித் தந்துவிட்டாள். படியில் இறங்கும்போதெல்லாம் அக்காவுக்கு மூச்சுமுட்டக் கோபம். நீட்டின கையை மடக்கச் சொல்கிறவள் என்ன படித்து என்ன?

இரண்டாவது வாரத்திலிருந்து தம்பி உள்ளே போனான், கதவு சாத்தப்பட்டது, அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐம்பது நிமிஷம். ஒரு நிமிஷம் கூடக் கிடையாது, ஒரு நிமிஷம் குறையக் கிடையாது. உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வராது. கதவு திறக்கும்போது பார்த்தால் தம்பியின் சட்டை முதுகெல்லாம் நனைந்திருக்கும். "என்னடா கேட்டாங்க?" என்றால், "ஒண்ணும் கேக்கல" என்பான். "நீ என்னடா சொன்னே?" "ஒண்ணும் சொல்லல." நாலு வாரம் இதே கதை.

ஆறாவது வாரம் கதவு சாத்திப் பத்து நிமிஷத்தில் திறந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்தாள். கையில் ஒரு சின்ன மரக்கட்டை. குனிந்து அதைக் கதவுக்கு அடியில் கொடுத்து, கதவு ஒரு சாண் திறந்தபடி நிற்கும்படி செய்தாள். அப்புறம் பெஞ்சு பக்கம் வந்து, அக்காவுக்குச் சமமாக உட்கார்ந்தாள்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றாள். "நான் படிச்ச எடத்துல கதவைச் சாத்திக்கறதுதான் மரியாதை. உள்ள இருக்கறவருக்கு அதுதான் பாதுகாப்புன்னு சொல்லிக்கொடுத்தாங்க. நாலு வாரமா உங்க தம்பி என்னையும் பாக்கல, சுவத்தையும் பாக்கல. கதவோட தாழ்ப்பாளையே பாத்துக்கிட்டிருந்தாரு. வாயைத் திறக்கறதுக்கு வெக்கப்படறாருன்னு நெனச்சுட்டேன். இன்னைக்குத்தான் கேட்டேன், கதவு தொந்தரவா இருக்கான்னு. ஆமான்னு தலையாட்டினாரு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் வந்த முதல் நாளே நான் உங்களை வெளிய உக்காரச் சொல்லியிருக்கக் கூடாது, கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

படித்தவர்கள் யாரும் அவளிடம் வந்து தப்பு என்மேல் என்று சொன்னதில்லை. அப்பா சொன்னதில்லை, அம்மாவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பன்னு வாங்கிக்கல நீங்க" என்றாள்.

"ஆமா. அது எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

"கோவமா இருந்துச்சு."

"நல்லவேளை, சொன்னீங்க" என்று சொல்லி டாக்டரம்மா எழுந்து உள்ளே போனாள். கோபப்பட்டதற்கு நன்றி சொல்கிற ஆளை அன்றுதான் அக்கா பார்த்தாள்.

கதவு ஒரு சாண் திறந்திருந்த அந்த வாரத்தில்தான் அது நடந்தது. முதலில் விசிறிச் சத்தம் என்று நினைத்தாள். பிறகு இல்லை என்று புரிந்தது. தம்பியின் குரல். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, விசிறி விடவில்லை. ஆனால் குரல் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் தடுக்கி நின்றது, திரும்பவும் எழுந்தது. நாற்பத்தாறு வயதுத் தம்பி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. அது இவ்வளவு நல்ல குரல் என்றே அவளுக்குத் தெரியாது. திறந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் டாக்டரம்மாவின் ஒரு கை மட்டும் தெரிந்தது, நாற்காலிக் கைப்பிடி மேல். அந்தக் கை அசையவேயில்லை. ஒரு மருந்து இல்லை, ஒரு புத்திமதி இல்லை, அப்படி உட்கார்ந்திருப்பதற்கே ஒரு மனுஷன் இப்படித் திறந்துகொள்வானா? முப்பத்தெட்டு வருஷம் கேள்விக்கு முந்திப் பதில் சொன்ன தன் வாயை நினைத்து அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூடவே பயமும் ஏறியது. இத்தனை பேசுகிறவன் ஒரு நாள் அம்மா பேச்சில் போய் நிற்காமலா இருப்பான்? எட்டாவது வாரம், தம்பி கீழே தண்ணீர் குடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, டாக்டரம்மாவை வழிமறித்தாள்.

"அவனுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்குங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன். எங்கம்மா..."

"வேண்டாம்க்கா." டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியாத ஒண்ணை நான் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அவர் எதிர்ல உக்கார முடியாது. என் முகமே காட்டிக்கொடுத்துடும்."

"அப்ப நான் யார்கிட்டதான் சொல்றது?"

டாக்டரம்மா பிடித்த கையை விடாமல் இருந்தாள். படியில் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதும்தான் விட்டாள். அன்று முழுக்க அக்காவுக்கு அந்தக் கேள்வியே காதில் நின்றது.

ஒன்பதாவது வாரம், ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். உள்ளே குரல் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவின் விளிம்பில் தம்பியின் நாலு விரல் தெரிந்தது. அந்த விரல்கள் கீழே போய் மரக்கட்டையை எடுத்தன. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவனே சாத்தினான். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியே இப்படி நிற்பது அவளுக்கு இரண்டாவது தடவை.

அடுப்புக்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா நடுராத்திரியில் எழுந்து விடியவிடிய அடுப்பில் நின்று, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நாலு மணி வரைக்கும் வீட்டில் குண்டூசி விழக்கூடாது. கதவை யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. திறந்தால் முதுகுத் தோல் உரியும். அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணாலும் புருவத்தாலும் பேசத் தெரியும். கதவைத் தட்டவேண்டி வந்தால் இரண்டு விரல் நகத்தால், அப்பாவுக்குக் கேட்காமல், மெதுவாக இரண்டு தட்டு. முதல் தட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அம்மா தட்டுவதும் அப்படித்தான், பிள்ளைகள் தட்டினாலும் அவளுக்கு அத்துபடி.

அம்மா போன அந்த மத்தியானம் பதினாலு வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வயிற்றுவலி வந்துவிட்டது. பாவாடையில் கறை. டீச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னாள். முதல் தடவை. அழுகையும் பயமுமாக ஓடிவந்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே வெறுங்கால் நடந்துவரும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சுகூடக் கேட்டதுபோல இருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. திரும்பவும் தட்டினாள். திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடிப்படியில் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நாலு மணி வரை உட்கார்ந்திருந்தாள். அப்பா கதவைத் திறந்தபோது அம்மா இல்லை. அம்மா உள்ளேதான் நின்றிருக்கிறாள், என் தட்டு என்று தெரிந்தும் திறக்காமல் பின்பக்கமாகப் போய்விட்டாள், என்று அவள் மனதில் அன்று எழுதிக்கொண்டாள். அதற்கப்புறம் எந்தக் கதவையும் அவள் தட்டவில்லை. அப்பாவும் அன்றோடு வாசல் சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது கண்ணாடிக் கடை மாடியில், சாத்திய கதவின் முன்னால், அவள் கை தானாக மேலே போனது. குரல் கொடுக்கத் தோன்றவில்லை. இரண்டு விரல் நகம். ஒரு தட்டு. ஒரு மூச்சு. இன்னொரு தட்டு.

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

காலடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு கேட்டது. அதே மாதிரி, முப்பத்தெட்டு வருஷம் கழித்து, அதே மாதிரி. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா" என்றான். "அன்னைக்குத் தட்டினது நீயா?"

"என்னைக்குடா?"

"அம்மா போன அன்னைக்கு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா போன அன்றைக்கு என்றான். செத்த அன்றைக்கு என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு எனக்கு அரை நாள்தான் ஸ்கூல். அம்மா பையோட கெளம்பினாங்கக்கா. நான்தான் பாத்தேன். 'கதவைச் சாத்திக்கோ, வெயில் உள்ள வருது'ன்னு சொன்னாங்க. சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு யாரோ தட்டினாங்க. கதவுகிட்ட வந்து நின்னேன். அம்மாதான் திரும்பி வந்துட்டாங்கன்னு தெரியும். அப்பா தூங்கறாரே, திறந்தா அடிப்பாரே. திறக்கல. மறுபடி தட்டினாங்க. அப்பவும் திறக்கல. அப்புறம் போயிட்டாங்க." அவன் உதடு கோணியது. "திரும்பி வந்தவங்களை நான்தான்க்கா அனுப்பிட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக அக்காவுக்குப் பதில் உடனே கிடைக்கவில்லை.

"அம்மா இல்லடா" என்றாள். "அம்மா திரும்பி வரவேயில்லடா. அது நான்டா. வயித்துவலின்னு ஸ்கூல்ல அனுப்பிட்டாங்க. நான்தான்டா தட்டினேன்." அப்புறம் அவளுக்கே இன்னொன்று புரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். "உள்ள வந்து நின்னது நீயாடா? நீ தூங்கியிருப்பேன்னு, அம்மான்னு நெனச்சேனேடா. தெரிஞ்சே திறக்காமப் போயிட்டாங்கன்னு இத்தனை வருஷம் அவங்களைச் சபிச்சேனேடா."

ஒரே கதவு. இந்தப் பக்கம் பதினாலு வயது, அந்தப் பக்கம் எட்டு வயது. நடுவில் ஒரு விரல்கடைப் பலகை. அதைத் திறக்க முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி என்று நான் சொன்னது பொய் என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன்டா கேக்கல?"

"நீ நம்பறேன்னு நெனச்சேன். அப்பா உன்னை ஏமாத்தி வெச்சிருக்காரு, நான் போய் ஏன் உடைக்கணும்னு." மூக்கை உறிஞ்சினான். "போன் வந்த அன்னைக்கும் காதுல விழுந்துச்சு. தப்பான நம்பர்னு நீ சொன்ன குரல்லயே அம்மா சேதின்னு தெரிஞ்சுபோச்சு."

"என்னை விட்டுப் போயிடுவியாடா?"

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். "எங்கக்கா போறது? அடுப்பு இருக்கே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊரைக் கூட்டுகிற குரல்காரி, சத்தமே இல்லாமல் அழுதாள். டாக்டரம்மா தன் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றிருந்தாள். சுவரில் கடிகாரம் ஐம்பது நிமிஷத்தைத் தாண்டி, அறுபதைத் தாண்டி, எழுபதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கிளம்பும்போது அக்கா கேட்டாள். "இது இப்படித்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றாள் டாக்டரம்மா. கண் சிவந்திருந்தது. "அவர் சொன்ன வரைக்கும்தான் எனக்குத் தெரியும். வெளிய நின்னது யாருன்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. எனக்கே இன்னும் சிலிர்ப்பு அடங்கல."

அன்றே மூக்கு திறந்துகொண்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. மறுநாளும் ரொட்டி கருகியது. அதற்கடுத்த வாரமும் கருகியது. தம்பி தொடர்ந்து மாடி ஏறினான், தனியாக, ஒரு வருஷத்துக்கும் மேலாக. அக்கா கடையிலேயே இருந்தாள். "தம்பி எங்க?" என்று கேட்டவர்களிடம், "மனசு டாக்டர்கிட்ட" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கேட்டவர்களில் மூன்று பேர் மறுநாள் தனியாக வந்து, அந்த விலாசம் கொஞ்சம் வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். யாராவது தம்பியிடம் ஏதாவது கேட்டால் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாவம், அவளுக்கு அது உண்ணாவிரதத்தைவிடக் கஷ்டம்.

முதலில் அவனுக்குத் தெரிந்தது கருகல் வாசனை. அப்புறம் புளித்த மாவு. பின்கட்டு அலாரம் கடிகாரம் ஒரு நாள் காணாமல்போனது. எங்கே என்று அக்கா கேட்கவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் அக்கா சாவியைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறந்து வைத்தாளா, வேண்டுமென்று வைத்தாளா, அவளைத்தான் கேட்கவேண்டும். தம்பி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற நேரம். கதவு சாத்தியிருந்தது. தெருமுனையிலிருந்து அவள் குரல் கொடுக்கவில்லை. வாசலில் நின்று இரண்டு விரலை மடக்கி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு மூச்சு விட்டாள்.

இரண்டாவது தட்டுக்குக் கையை எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வெளிய யாருன்னு கேக்கக்கூட இல்லையேடா" என்றாள்.

"எதுக்குக் கேக்கணும்?" என்றான் தம்பி, தூக்கக் கலக்கத்தோடு. "நீ வாசப்படி ஏறும்போதே தைலம் வந்துடுச்சு."